உன் கோட்டில் குத்த வேண்டிய இறகு

மகன்,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கவேண்டும், அது தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் காருக்குள் இருந்தபடி மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஓகே அம்மா, பேந்து போன் எடுக்கிறன்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவாய். மழையோ பனியோ, சனிக்கிழமை தவறாமல் ஸ்ட்ரெதத்திலிருந்து இரண்டு பஸ் மாறி உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேனே, நான் பட்ட பாட்டுக்கு இன்றைக்காவது ஒரு பலன் வரட்டும். வேறு யாரிடமும் கொடுத்து வாசிப்பிக்காதே. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஆறுதலாக இரு. சொல்லப்போவது இனிப்பான சங்கதி இல்லை.

இன்னும் இரண்டு கிழமையில் உனக்குக் கலியாணம். பிள்ளைக்குக் கலியாணம் என்றால் தாய் நாலு புத்தி சொல்லவேண்டும், நானும் சொல்லத்தான் சேர்த்து வைத்திருந்தேன். பெண் சமைத்துப் போட்டால் வாயில் வைக்கமுன்னரே உப்பைத் தேடாதே. அவளுடைய தாய்க்கு முன்னால் அவளைப் பகிடி பண்ணாதே. கோபம் வந்தால் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போகாதே, உன் அப்பா அப்படிப் போவார், பிறகு கோட்டில்லாமல் குளிரில் நின்று இருமிக்கொண்டு திரும்பி வருவார். இப்படி எத்தனையோ. போன மாதம் நீ கட்டப்போகிற ஹானா வந்து என்னோடு நாலு நாள் நின்றுவிட்டுப் போனபிறகு அத்தனை புத்தியும் என் வாய்க்குள்ளேயே செத்துப்போயிற்று. இப்போது சொல்லக் கிடப்பது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்ல முதல் இந்த இறகுக் கதையைச் சொல்லி முடிக்கவேண்டும்.

ஜூன் மாதம் நீ கடல் தாண்டி லண்டனுக்கு வந்தபோது சூட்கேசைத் திறந்து, உடுப்புகளுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்த ஒரு தலையணை உறையை எடுத்து என் மடியில் வைத்தாய். ஏதோ சேலைத்துணி என்று நினைத்துக் கையை விட்டால் கை நிறைய இறகு. "அட அந்தோனியாரே, உதென்னடா?" என்று கத்திவிட்டேன். நீ சிரித்தாய். "காட்டு வான்கோழி அம்மா. ஹானாவின்ர அப்பா சுட்டவர். அவையின்ர வழக்கத்தில இறகை எறியமாட்டினம், ஏதாவது செய்து வைப்பினம். நீங்கள்தானே சேர்ச்சில எல்லாற்ற கலியாணத்துக்கும் பூ கட்டுறனீங்கள், எங்களுக்கு இதில செய்து தாங்கோவன்" என்றாய். வால் விசிறியை ஹானாவின் அப்பா பலகையில் பொருத்தி எடுத்து வருவார், அது மண்டப வாசலுக்கு. ஆம்பிளைகளின் கோட்டில் குத்துவதற்கும், மேசைகளுக்கும், ஹானாவின் பூச்செண்டுக்கும் மிச்ச இறகுகள், அது என் பொறுப்பு. ஹானாவின் அப்பா சுட்டவர் என்று நீ சொன்ன வசனத்தை நீயும் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்.

எனக்கு முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது, ஒளிக்கமாட்டேன். கிறிஸ்மசுக்கு வான்கோழி வாங்கி யாழ்ப்பாணத்துத் தூள் தடவி ஓவனுக்குள் வைப்பவள்தான் நான், ஆனால் அது கடையில் மொட்டையாக, பிளாஸ்டிக்கில் சுற்றி வருவது. இது மண்ணும் மணமுமாக, சில இறகுகளின் அடியில் காய்ந்த இரத்தத்தோடு வந்தது. பூச்சி முட்டை இருந்தால் சாகட்டும் என்று பையில் கட்டி ப்ரீசருக்குள் வைத்தேன், ஒரு பக்கம் விளைமீன், மறுபக்கம் உன் மாமனாரின் வான்கோழி. பிறகு குளிக்கும் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் விட்டு ஒவ்வொன்றாகக் கழுவினேன். நனைந்த இறகைப் போல அவலட்சணமான பொருள் உலகத்தில் இல்லை, வடிகாலில் அடைத்துக்கிடக்கும் குப்பை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். தலைமுடி காயவைக்கும் மெஷினைச் சூடு குறைத்துப் பிடித்தால்தான் மெல்ல மெல்ல விரியும். வளைந்ததைத் தண்ணீர் கொதிக்கும் கேத்தில் ஆவியில் காட்டி, விரலால் அடியிலிருந்து நுனிக்கு வருடிவிட்டால் பிரிந்த இழைகள் தாமாகவே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது.

வேலைக்குப் போய்வரும் வயோதிபர் இல்லத்தில் ஷிப்ட் முடிந்ததும் ஓடி வருவேன். வலது சிறகு இறகு ஒரு பக்கம் வளையும், இடது சிறகு மறுபக்கம் வளையும், இரண்டையும் கலந்து கட்டினால் கோணலாகத் தெரியும் என்று நானே பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கண்டுபிடித்தேன். கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட நீள இறகுகளை மேசைச் சாடிகளுக்கு ஒதுக்கினேன். நெஞ்சு இறகு இருக்கிறதே, சின்னது, நுனியில் கறுப்புக் கரை, அதைச் சன்னலடியில் பிடித்தால் செம்பு நிறம், கொஞ்சம் திருப்பினால் பச்சை. அவற்றைத்தான் கோட்டில் குத்துவதற்கு எடுத்தேன். ஒரு இறகு, ஒரு ஐவி இலை, ஒரு வெள்ளை மொட்டு. காம்பில் மெல்லிய கம்பி சுற்றி, அதன்மேல் பச்சை டேப். மொட்டையும் இலையையும் முதல்நாள்தான் வைக்கலாம், இறகையும் கம்பியையும் இப்போதே தயார்பண்ணினேன். எல்லாவற்றிலும் நிறம் கூடின, ஒரு இழைகூடப் பிரியாத இறகை மாப்பிள்ளைக்கு என்று தனியாக எடுத்து வைத்தேன்.

இறகுகளைக் காயப்போட இந்த இரண்டு அறை ஃபிளாட்டில் எங்கே இடம்? கட்டிலில் உன் அப்பா படுத்த பக்கம் சும்மாதானே கிடந்தது. அங்கே பழைய பேப்பர் விரித்துப் பரப்பினேன். மார்ச்சில் அவர் கண்ணை மூடியதிலிருந்து அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க எனக்கு ஏலாமல் இருந்தது. இறகு பரப்பிய பிறகு திரும்பிப் படுத்தேன். விழிப்பு வந்தால் கையை நீட்டித் தடவிப் பார்ப்பேன், காய்ந்ததா, இன்னும் ஈரமா என்று. பிள்ளையின் கலியாணத்துக்கு வேலை நடக்கிறது என்று அவருக்குச் சொல்வேன். கோடை முழுக்க என்னை விசர் பிடிக்காமல் வைத்திருந்தது அந்த இறகுகள்தான். உனக்கு அதைச் சொல்லியும் இருக்கிறேன், போனில். நீ "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாய், கவலையில் இருக்கிறாய் என்று நினைத்தேன்.

இப்போது ஏப்ரலுக்கு வா. அப்பாவை அடக்கம் செய்து நாலாம் நாள் நீ விமானம் ஏறினாய். குறை சொல்லவில்லை, புது வேலை. முப்பத்தோராம் நாளுக்கு வந்துவிடு என்றேன். கத்தோலிக்கர் என்றாலும் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் விட்டுப்போனதில்லை. அதுவரை வீட்டில் மச்சம் மாமிசம் காய்ச்சுவதில்லை, பிள்ளை தாடி எடுத்து முகம் வழிப்பதில்லை, அன்றைக்குப் பூசை ஒப்புக்கொடுத்து, வந்தவர்களுக்குச் சோறு போட்டு, அதோடுதான் துக்கம் இறங்கும். பூசையில் தகப்பனின் படத்தைப் பிள்ளைதான் பீடத்தடிக்குக் கொண்டுபோகவேண்டும். நீ அதற்கு முதல்நாள் பின்னேரம் போன் எடுத்தாய். "லீவு தரமாட்டினமாம் அம்மா. சனிக்கிழமையும் ஒபிசுக்குப் போகவேணும். என்ன செய்யிறது?" என்றாய். குரல் உடைந்திருந்தது. நான்தான் உன்னைத் தேற்றினேன். "ஒண்டுக்கும் யோசியாதை ராசா, நீ அங்கையிருந்து மன்றாடு, அப்பாவுக்கு விளங்கும்" என்றேன்.

படத்தை லூயிஷாமிலிருந்து வந்த உன் சித்தப்பா தூக்கினார். முழங்கால் வாதத்தோடு நொண்டி நொண்டி நடந்தார். சாப்பாட்டு நேரம், கோயில் மண்டபத்தில், "ஒற்றைப் பிள்ளை, ஒரு நாளைக்கு வந்திருக்கலாம்தானே அண்ணி" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அவனுக்கு வேலை எண்டு சொல்லுறன், விளங்கேல்லையோ? உங்கட பிள்ளைகள் லூயிஷாமில இருந்துகொண்டு உங்கட அண்ணையை எத்தனை தரம் ஆஸ்பத்திரியில வந்து பாத்தவை?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன். கறுத்துப்போன முகத்தோடு அந்த மனுசன் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். உன் தகப்பனின் முப்பத்தோராம் நாளில், உன் தகப்பனின் கூடப்பிறந்தவனை நான் பட்டினியோடு அனுப்பினேன், உனக்காக.

இனி ஹானா. பாவம், அவளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன். கோயில் சுவாமியாரைச் சந்திக்கவும் உடுப்பை இங்கே அளவு பார்க்கவும் வந்தவள் என் குசினியில் நின்று புட்டுக் குழல் பிடித்தாள், றால் கறியைக் கையால் தின்று மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தாள். கடைசிநாள் பின்னேரம் இறகுப் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தப் பறவையை அவன் சுட்ட காலையை என்னால் மறக்கவே முடியாது" என்றாள். நான் அவளுடைய ஆங்கிலம் எனக்குப் பிழையாக விளங்கியது என்று நினைத்து, "உன் அப்பா சுட்டது அல்லவா?" என்று கேட்டேன். "இல்லையில்லை, அப்பா பக்கத்தில் இருந்தார். சுட்டது உங்கள் மகன். அவனுடைய முதல் வேட்டை. உங்களிடம் சொல்லவில்லையா? வெட்கப்பட்டிருப்பான்" என்று சொல்லி, தன் கணினியைத் திறந்து படம் காட்டினாள்.

காட்டுக்குள் நிற்கிறாய். இலை நிற உடுப்பு. ஒரு கையில் பறவையின் கால், தலை கீழே தொங்குகிறது, அதன் வால் உன் முழங்காலை மறைத்து விரிந்திருக்கிறது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். படத்தின் மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் அன்றைய திகதி. எனக்கு அந்தத் திகதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹானா விடாமல் சொல்லிக்கொண்டு போகிறாள், வேட்டை தொடங்கும் முதல் சனிக்கிழமையாம், விடியமுன் போய் மரத்தடியில் அசையாமல் இருந்தீர்களாம், நீ மூச்சுக்கூட விடவில்லையாம். பூசையில் பத்து நிமிடம் ஒழுங்காக முழங்காலில் நிற்கமாட்டாத பிள்ளை! வெள்ளிக்கிழமையும் லீவு போட்டுவிட்டு வந்தாயாம். அப்படியென்றால் அந்த உடைந்த குரலில் எனக்குப் போன் எடுத்தது அவர்கள் வீட்டிலிருந்து.

அதையும் நான் விழுங்கியிருப்பேன். உண்மையாகச் சொல்கிறேன், விழுங்கியிருப்பேன். இளம்பிள்ளை, மறந்துபோனான், பெண்வீட்டார் கூப்பிட மறுக்கத் தெரியவில்லை என்று எனக்கு நானே நூறு சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் படத்தில் உனக்குத் தாடி இருந்தது. ஹானா அதில் விரலை வைத்துச் சிரித்தாள். "இந்தத் தாடியைப் பாருங்கள்! எத்தனை கெஞ்சினாலும் வழிக்கமாட்டேன் என்றான். குறித்து வைத்த மாதிரி அந்தச் சனிக்கிழமைதான் வழிப்பேன் என்றான். ஏன் என்று கேட்டால் சும்மா ஒரு ஆசை என்றான். பறவையைத் துப்புரவாக்கி முடித்ததும் எங்கள் குளியலறைக்குள் போய் வழித்துவிட்டு வந்தான்" என்றாள். நீ மறக்கவில்லை. ஒரு நாள் பிசகாமல் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாய். அப்பாவுக்காக முகம் வழிக்காமல் இருந்து, அவருடைய நாள் இதுதான் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, அந்த நாளிலே துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறாய். மறதிக்கு மன்னிப்பு இருக்கிறது மகன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் இன்னொன்றும் கேட்டாள். "அந்த வாரம் லண்டனில் அவனுடைய அப்பாவுக்கு ஏதாவது செய்யவேண்டியிருக்குமா என்று நானும் அம்மாவும் அவனிடம் கேட்டோம். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்றும் இல்லை, அடக்கத்தோடு எல்லாம் முடிந்தது என்றான். அது சரிதானே?" என்று என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் கண்ணில் பயம். ஏதோ பிழை நடந்துவிட்டது என்று அவளுக்குத் தட்டுப்பட்டுவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஓம் பிள்ளை, அப்பிடி ஒண்டும் இல்லை" என்றேன். முப்பது நாள் மரக்கறியும் சோறுமாக இருந்து, அந்தப் பூசையில் விக்கி விக்கி அழுத நான், என் வாயால் அப்படி ஒரு நாளே இல்லை என்று சொன்னேன். கலியாணத்துக்கு முன்னால் உன் முகம் அவளிடம் கெட்டுப்போகக்கூடாது என்று சொன்னேன். பிறகு கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே வராமல் அழுதேன். அன்றிரவு கட்டிலின் அந்தப் பக்கம் கிடந்த மிச்ச இறகுகளை அள்ளிப் பைக்குள் போட்டுக் கட்டினேன். அவர் படுத்த இடத்திலேயே அதைக் காயப்போட்டேனே என்று நினைத்து நினைத்து என் கையையே எனக்குப் பிடிக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவைப் பெற்றோல் செட் வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு, வழக்கம்போலச் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வெள்ளனவே வெளிக்கிட்டுப் போய் ஊர் சுற்றிவிட்டு வந்தார். ஒரு கிழமை அப்படி. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, வந்திருக்கவும் மாட்டாது, ஏனென்றால் அடுத்த வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மனுசன் வந்து குசினி வாசலில் நின்று, "இஞ்சை பார், உன்னட்டை ஒரு கிழமையாப் பொய் சொல்லிப்போட்டன். அந்தச் சாப்பாடு தொண்டைக்குள்ள இறங்கேல்லை" என்றார். நான் கத்தினேன், கரண்டியை எறிந்தேன், இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் சாகும்வரை சொன்ன எந்தச் சொல்லையும் நான் சந்தேகப்படவில்லை. கலியாணத்துக்கு நான் உனக்குச் சொல்லக் கிடக்கும் ஒரே புத்தி இதுதான். உன் பொய்யை அவள் கண்டுபிடிக்கமுன் நீயே கொண்டுபோய் அவள் முன்னால் வை. பொய்யை ஒருத்திக்குச் சொல்லிவிட்டு, பெற்ற தாயை அதற்குக் காவல் வைக்காதே.

நீ என்ன சொல்லுவாய் என்றும் எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் எல்லோரும் வந்து கையைப் பிடித்து அழ, படத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க என்னால் ஏலாது அம்மா, அதுதான் ஓடிப்போனேன் என்பாய். இருக்கலாம். அப்படியென்றால் அதைச் சொல்லியிருக்கலாமே! "எனக்கு ஏலாது" என்று ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் சித்தப்பாவை அப்படிக் கிழித்திருக்கமாட்டேன். நீ என்னிடம் வேலை என்றாய், அவர்களிடம் எங்களுக்கு அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றாய். அப்பாவைத் தூக்க ஏலாவிட்டால் போகட்டும், அப்பாவுக்கு ஒரு நாளே இல்லை என்று எப்படியடா சொல்ல மனம் வந்தது? அது போதாதென்று அந்தப் பறவையின் இறகைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, இதில் அலங்காரம் செய்து தா என்று கேட்டாயே. நான் அதை வருடி வருடி அழகாக்கிக்கொண்டிருந்த கோடை முழுக்க நீ போனில் கேட்டுக்கொண்டிருந்தாயே.

சரி, வேலைக்கு வருகிறேன். மேசைச் சாடிகளுக்கு எல்லாம் தயார். ஹானாவின் அப்பாவுக்கு, அவளுடைய தம்பிக்கு, உன் கூட்டாளிகளுக்கு, எல்லோருக்கும் இறகு கட்டியாயிற்று. சித்தப்பாவுக்கும் ஒன்று கட்டினேன். லூயிஷாமுக்கு நேரே போய் அவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டும் வந்தேன், ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு என்று கட்டியதை அவிழ்த்துவிட்டேன். அந்த நல்ல இறகை ஹானாவின் பூச்செண்டில் சேர்த்துவிட்டேன், அவள் ஒரு குற்றமும் செய்யாதவள். உனக்கு ஒரு வெள்ளை ரோசா மொட்டு, இந்தப் பங்குக் கோயிலில் நான் எல்லா மாப்பிள்ளைமாருக்கும் கட்டிக்கொடுக்கும் அதே மொட்டு. கோயிலில் உன்னோடு நிற்கும் அத்தனை ஆம்பிளைகளின் கோட்டிலும் இறகு இருக்கும், உன் கோட்டில் இருக்காது. நானே குத்திவிடுவேன், பயப்படாதே, பல்லைக் காட்டிப் படத்துக்கும் நிற்பேன்.

நேற்று ஹானா போன் எடுத்தாள். மாப்பிள்ளையின் இறகைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டாள். "அவனுக்கு இறகு இல்லை, பிள்ளை" என்றேன். ஏன் என்று கேட்டாள். "அதை அவனிட்டைக் கேள்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன்னரே கேட்டிருப்பாள். நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் நல்லது, இரண்டு நாள் அழுவாள், கரண்டியை எறிவாள், உன்னைக் கட்டுவாள். இன்னொரு பொய்யைச் சொல்லியிருந்தால், அந்தப் பொய் என்ன என்று எனக்குச் சொல்லித்தர இங்கே போன் எடுக்காதே. அவள் மறுபடி என்னிடம் கேட்டால், கோயில் வாசலாக இருந்தாலும் சரி, நான் சொல்லிவிடுவேன்.

அம்மா